கனமான காரெல்லாம் பலமான காரா?



குற்றால சீசன் வந்தால் ஐந்தருவி ரோட்டில் எத்தனை விதமான கார் போகிறது என்று பார்த்திருப்பீர்கள். எங்க மாமா சீசன் ஓட்டத்துக்கு ஒரு பழைய கார் வாங்கப் போகிறார். "கதவைத் தட்டுனா டங்குன்னு கேக்கணும். தகரம் கனமா இருந்தாத்தான் உள்ள இருக்க ஆளுக்குப் பாதுகாப்பு" என்பது அவர் கட்சி. எங்க அப்பா தென்காசியில் கார் டிங்கர் வேலை பார்க்கிறார். அவர், "அப்படி இல்ல மாப்ள" என்கிறார். யார் சொல்வது சரி? விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இரண்டு வகை உடம்பு

ஜீப், பொலிரோ, லாரி இவற்றுக்கு அடியில் ஏணி மாதிரி இரும்புச் சட்டம் இருக்கும். அதுதான் சேஸ். அதன்மேல் பாடியைத் தனியாக வைத்து போல்ட் போட்டு முறுக்குவார்கள். இன்னொரு வகையில் தளம், தூண், கூரை எல்லாம் வெல்டிங் செய்து ஒரே கூடாக இருக்கும். முட்டை ஓடு மாதிரி, ஓடேதான் எலும்பு.

மாருதி 800 இந்தக் கூடு வகை. எடை சுமார் 650 கிலோ. அம்பாசிடரோ 1100 கிலோவுக்கு மேல். அதற்குத் தனி சேஸ் இருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். இல்லை, அதுவும் கூடு வகைதான்! ஆனால் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அம்பாசிடரை விட எடை குறைவு, அதற்குத் தனி சேஸ் உண்டு. ஆக, எடை வேறு, கட்டுமானம் வேறு. (அம்பாசிடர், மாருதி 800 இரண்டும் 2014-இல் நின்றுவிட்டன.)

நசுங்குவது நல்லதா?

வரப்பிலிருந்து சேற்று வயலில் குதித்தால் வலிக்காது. சிமெண்டு தரையில் குதித்தால் கால் போச்சு. சேறு நம்மை மெதுவாக நிறுத்துகிறது, அவ்வளவுதான். காரின் முன்பக்கம் அந்தச் சேறு மாதிரி நசுங்க வேண்டும். ஆள் இருக்கும் இடம் மட்டும் நசுங்கவே கூடாது. அதனால் அந்த இடத்துத் தூண்களுக்கு உறுதி கூடிய எஃகு போடுகிறார்கள். நாம் தட்டிப் பார்க்கும் வெளித்தகரம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அது வெறும் தோல்தான்.

2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்ற 5 சிறிய கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர் பாதுகாப்பில் ஐந்துக்கும் 0 ஸ்டார். 2018-இல் டாடா நெக்ஸான் 5 ஸ்டார் வாங்கியது. 2024-இல் மாருதி டிசையரும் 5 ஸ்டார் வாங்கியது. அது அம்பாசிடரை விட எடை குறைந்த கார்! 2023 முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் என்ற சோதனை நடக்கிறது.

மாமா சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. கனமான காரும் லேசான காரும் மோதினால் லேசான காருக்குத்தான் அடி அதிகம். ஆனால் புளியமரத்தில் மோதினால், கனமான கார் தன் கனத்தையும் சேர்த்துக்கொண்டே மோதும்.

போன மாதம் அப்பா பட்டறைக்கு ஒரு கார் வந்தது. முன்பக்கம் அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. நான் பயந்துபோய், "உள்ள இருந்தவங்க?" என்றேன். "நாலு பேரும் பெல்ட் போட்டிருந்தாங்கம்மா, நடந்தே இறங்கிட்டாங்க. வண்டி நசுங்கலாம், ஆளு நசுங்கக் கூடாதுல்லா" என்றார் அப்பா.

இதையெல்லாம் மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கார் பார்க்கப் போனவர் கதவைத் தட்டவில்லையாம். பின் சீட்டைத் தூக்கி, பெல்ட் இருக்கிறதா என்று தேடினாராம்!

நண்பர்களே, அடுத்த முறை காரில் ஏறினால் பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி