ரெண்டே கால் கோடிக்கு ஒரு ரெய்டர்... கொடுக்கலாமா, கூடாதா?

பொங்கல் வந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் கபடி களைகட்டும். மக்காச்சோளம் அறுத்த கொல்லையைச் சமன் செய்து, கோடு போட்டு, நாலு மூலையிலும் விளக்குக் கட்டிவிட்டால் ஆடுகளம் தயார். குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை, ஜெயங்கொண்டம் என்று சுற்றுவட்டார அணிகள் வேன் பிடித்து வந்து இறங்கும். விடிய விடிய மின்னொளி ஆட்டம் நடக்கும்.

அந்த ஆட்டத்துக்கு முன்னால் ஊர் டீக்கடையில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். வெளியூரிலிருந்து ஒரு நல்ல ரெய்டரைக் காசு கொடுத்துக் கூட்டி வரலாமா என்பதுதான் விவகாரம்.

“அவன் மட்டும் வந்தா கப் நமக்குத்தான் மாப்ள” என்பார் ஒருவர். “பரிசுப் பணத்துல பாதியை அவனுக்கே கொடுத்துட்டா, மத்தவங்க எல்லாம் எதுக்கு ஆடணும்?” என்பார் இன்னொருவர். ஓரமாக உட்கார்ந்திருக்கும் பழைய ஆட்டக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். “சரிப்பா... அவன் அவுட்டாகி உக்காந்துட்டா, அடுத்து யாரு பாடுறது?”

டீக்கடையில் கேட்கும் அதே கேள்விதான், கோடிகள் புரளும் புரோ கபடி லீக் ஏலத்திலும் ஒவ்வொரு வருடமும் கேட்கப்படுகிறது. அதற்குத் தமிழ்நாட்டு அணியே பாடம் படித்திருக்கிறது.

பாதிப் பணம் ஒருவருக்கு!

2022 ஆகஸ்ட் மாத ஏலம். அப்போது ஓர் அணி தன் வீரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துச் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பு 4.4 கோடி ரூபாய். அதில் சுமார் 2.26 கோடியை ஒரே ஒருவருக்காக எடுத்து வைத்தது தமிழ் தலைவாஸ். அவர் பவன் செராவத். லீக் வரலாற்றிலேயே அதுவரை யாருக்கும் கிடைக்காத தொகை அது.

தலைவாஸின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 2017-ல் லீக்குக்குள் வந்த அணி, அதுவரை ஆடிய நான்கு சீசன்களில் ஒருமுறைகூட பிளே ஆஃப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர் என்று பெரிய பெயர்களை ஒரே அணியில் வைத்திருந்த 2019-லேயே பட்டியலில் கடைசி இடம்தான். இந்த முறை ஒரு சூப்பர் ஸ்டார் வந்து தூக்கி நிறுத்துவார் என்று ரசிகர்கள் நம்பினார்கள்.

அக்டோபர் 8, பெங்களூரு. குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டம். எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போன பவன் செராவத்தின் முழங்கால் திரும்பியது. தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த சீசனில் அவர் மறுபடி களத்துக்குள் வரவே இல்லை. அணியின் பணத்தில் பாதி, சில நிமிடங்களிலேயே பெஞ்ச்சுக்குப் போய்விட்டது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால், அங்கேதான் தொடங்கியது.

அன்றைய ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது. நரேந்தர் என்ற புதுமுகம் பாட ஆரம்பித்தார். அந்த சீசன் முடியும்போது அவர் கணக்கில் 243 ரெய்டு புள்ளிகள். அஜிங்க்யா பவார் அவருக்குத் தோள் கொடுத்தார். சாகர், சாஹில் குலியா இரண்டு கார்னரிலும், நம்மூர் எம்.அபிஷேக்கும் மோஹித்தும் கவரிலுமாகப் பிடி ஆட்டம் இறுகியது. சீசனுக்கு நடுவில் பயிற்சியாளராக வந்த அஷன் குமார் அணியைத் திருத்தி எடுத்தார். முதல்முறையாக பிளே ஆஃப், அங்கே யு.பி. யோத்தாஸுக்கு எதிராக டை பிரேக்கரில் வெற்றி, பிறகு அரையிறுதி. அதில் புனேவிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது தலைவாஸ். இன்றுவரை அந்த அணியின் சிறந்த சீசன் அதுதான். சூப்பர் ஸ்டார் ஆடாத சீசன்!

ஏன் இப்படி நடக்கிறது?

கபடியின் விதிகளிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் நாள் முழுக்க நின்று ஆடலாம். கபடியில் ரெய்டர் எதிரணி எல்லைக்குள் 30 விநாடிதான் இருக்க முடியும். பிடிபட்டால் வெளியே உட்கார வேண்டும். தானாக எழுந்து வர முடியாது. அவருடைய அணி எதிரணி ஆளை அவுட்டாக்கினால்தான் அவர் திரும்ப உள்ளே வரலாம்.

அதாவது, நட்சத்திர ரெய்டர் மறுபடி களத்துக்கு வருவதே மற்ற ஆறு பேரின் கையில் இருக்கிறது. அவர்களில் இரண்டாவதாகப் பாட ஒரு நல்ல ஆள் இல்லை, பிடிக்கவும் ஆள் இல்லை என்றால், இரண்டு கோடி ரூபாய் வீரர் பெஞ்ச்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். தொடர்ந்து இரண்டு ரெய்டுகளில் புள்ளி எடுக்காவிட்டால் மூன்றாவது ரெய்டு ‘டூ ஆர் டை’. அதில் வெறுங்கையோடு திரும்பினால் பாடப் போனவர் அவுட். எதிரணி எல்லாப் பொறியையும் அந்த ஒருவருக்காகவே வைத்துக் காத்திருக்கும்.

பிடி ஆட்டமோ வேறு மாதிரி. கார்னர் கணுக்காலைப் பிடிக்கும் நொடியில் கவர் வந்து மோத வேண்டும். கண்ணசைவில் நடக்கிற காரியம். சேர்ந்து ஆடி ஆடித்தான் அது வரும். ஏலத்தில் ஒரே நாளில் வாங்கிவிட முடியாது.

302 புள்ளி எடுத்தும்...

பவன் செராவத்தின் காயத்தை துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். ஆனால் கணக்கைப் புரட்டினால், அடிபடாத நட்சத்திரங்களின் கதையும் பல சமயம் இப்படித்தான் இருக்கிறது.

2018 ஏலத்தில் அதிக விலை மோனு கோயத்துக்கு, 1.51 கோடி கொடுத்தது ஹரியானா ஸ்டீலர்ஸ். அந்த சீசனில் அந்த அணிக்குத் தன் பிரிவில் கடைசி இடம். அதே ஏலத்தில் 52.8 லட்சத்துக்கு பெங்களூரு புல்ஸ் வாங்கிய ஒருவர், இறுதிப் போட்டியில் மட்டும் 22 ரெய்டு புள்ளிகள் எடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அவர் பெயர்... பவன் செராவத்! அவர் சாம்பியன் ஆனது அரைக் கோடியில். 2.6 கோடிக்கு தெலுங்கு டைட்டன்ஸ் அவரை வாங்கிய 2023 சீசனில், அவர் 200 ரெய்டு புள்ளிகளைத் தாண்டியும் அணிக்குக் கடைசி இடம்தான்.

பர்தீப் நர்வால் கதை இன்னும் கனமானது. பாட்னா பைரேட்ஸ் தொடர்ந்து மூன்று கோப்பைகள் வென்றபோது அதன் முகம் அவர்தான். 2017-ல் ஒரே சீசனில் 369 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். 2019-ல் 302 புள்ளிகள் எடுத்தார். ஆனாலும் அந்த வருடம் பாட்னா பிளே ஆஃப்புக்கே வரவில்லை. 2021-ல் பாட்னா மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவரைத் தக்கவைக்காமல் விட்டது. யு.பி. யோத்தா அவரை 1.65 கோடிக்கு வாங்கியது.

அவர் இல்லாத பாட்னா என்ன ஆனது? சச்சின் தன்வர், மோனு கோயத், குமான் சிங் என்று பலர் ரெய்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 31 லட்சத்துக்கு வாங்கிய ஈரான் வீரர் முகமதுரெசா ஷாட்லூயி இடது கார்னரில் நின்று வந்தவர்களை எல்லாம் மடக்கினார். புள்ளிப் பட்டியலில் முதலிடம். இறுதிப் போட்டியில் டெல்லியிடம் 36-37 என்று ஒரே புள்ளியில் தோல்வி.

பிறகு அந்த ஷாட்லூயியின் விலையும் கோடிகளுக்குப் போனது. 2023-ல் புனே 2.35 கோடி கொடுத்தது, கோப்பை வென்றது. 2024-ல் ஹரியானா 2.07 கோடி கொடுத்தது. அதுவும் கோப்பை வென்றது. அப்படியென்றால் பெரிய தொகை கொடுப்பதே தப்பு என்று சொல்ல முடியாது. யாருக்கு, எந்த அணியில் என்பதுதான் விஷயம். ஷாட்லூயி பிடிப்பார், தேவைப்பட்டால் பாடவும் போவார். புனேயில் அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் போன்ற ரெய்டர்கள் ஏற்கெனவே வளர்ந்து நின்றார்கள். கட்டி முடித்த வீட்டுக்குத்தான் அவர் நிலைக்கதவாக வந்தார்.

அடித்தளம் போடாமல் கதவு வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் தலைவாஸ் ரசிகர்கள் பார்த்தார்கள். பாட்னாவில் பலரோடு சேர்ந்து ஜொலித்த அதே சச்சின் தன்வரை 2024-ல் 2.15 கோடிக்கு எடுத்தது அணி. கிடைத்தது ஒன்பதாவது இடம். 2025-ல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.4 கோடி. அப்போதும் பிளே ஆஃப் எட்டவில்லை.

அமெரிக்காவிலும் இதே சண்டை!

அமெரிக்கக் கால்பந்தில் ‘ரன்னிங் பேக்’ என்று ஓர் இடம் உண்டு. பந்தை இடுக்கிக்கொண்டு எதிராளிகளின் கூட்டத்துக்குள் பாய்ந்து ஓடுபவர். நம் ரெய்டருக்கு ஒன்றுவிட்ட சகோதரர் மாதிரி. ஒவ்வொரு ஓட்டத்திலும் நாலு பேர் வந்து மோதுவார்கள் என்பதால் உடம்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். அவர்களுக்குப் பெரிய தொகையில் ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா என்று அங்கே வருடக்கணக்காக வாக்குவாதம் நடக்கிறது.

2018-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி, டாட் கர்லிக்கு நான்கு வருட நீட்டிப்பாக 6 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. முழங்கால் படுத்தியது. 2020 மார்ச்சில் அணியே அவரை விடுவித்துவிட்டது. மறுபக்கம், சக்வான் பார்க்லியை நியூயார்க் ஜயன்ட்ஸ் கைவிட, 2024-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் மூன்று வருடத்துக்குச் சுமார் 3.8 கோடி டாலருக்கு எடுத்தது. அந்த சீசனில் 2,005 யார்டு ஓடினார். அணி சாம்பியன் ஆனது. ஈகிள்ஸில் அவருக்கு வழி திறந்துவிடும் முன்வரிசை வீரர்கள் மலை மாதிரி நின்றார்கள் என்பதை அங்குள்ளவர்கள் மறக்காமல் சொல்கிறார்கள்.

அங்கேயும் இங்கேயும் கணக்கு ஒன்றுதான். சுற்றி ஆள் இருந்தால் நட்சத்திரம் ஜொலிக்கும்.

வீரர் பக்கத்து நியாயம்

அணி முதலாளியின் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போவது நியாயம் இல்லை. பர்தீப் நர்வால் லீக்கில் மொத்தம் 1,800-க்கும் மேல் ரெய்டு புள்ளிகள் எடுத்தவர். 2021-ல் 1.65 கோடிக்குப் போனவரை 2024-ல் 70 லட்சத்துக்கு எடுத்தார்கள். 2025 ஏலத்தில் அவர் பெயரை வாசித்தபோது ஒருவரும் கை தூக்கவில்லை. 28 வயதிலேயே ஓய்வை அறிவித்தார். 2.6 கோடி வரை போன பவன் செராவத்தையே அதே ஏலத்தில் தலைவாஸ் 59.5 லட்சத்துக்கு எடுத்தது.

முப்பது வயதுக்குள் முடிந்துபோகிற வேலை இது. மற்றவர்கள் சம்பளம் ஏறத் தொடங்கும் வயதில் ரெய்டரின் சம்பளம் இறங்கத் தொடங்கிவிடும். முழங்கால் ஜவ்வு ஒருமுறை கிழிந்தால் போதும். அதனால் விலை உச்சத்தில் இருக்கும்போது உச்ச விலை கேட்பது பேராசை ஆகாது. வயதான காலத்துக்கான சேமிப்பையும் அந்தச் சில வருடங்களிலேயே சம்பாதித்தாக வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பெற்றோர்களுக்கும் இது தெரியும். வெங்காயக் கொல்லையிலும் முந்திரிக் காட்டிலும் சிமென்ட் ஆலையிலும் வேலை பார்த்துக்கொண்டு பிள்ளையைக் கபடிக்கு அனுப்புகிறவர்கள், ஏலத்துக் கோடியைவிட விளையாட்டு ஒதுக்கீட்டைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இடம் இருக்கிறது. ஏலத் தொகை ஒரு சீசனுக்கு. அரசு வேலை ஓய்வு பெறும் வரைக்கும்.

அப்படியானால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால், மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டு.

ஒன்று, அணியின் மொத்தப் பணத்தில் பாதியை ஒரே முழங்காலின் மேல் வைக்கக் கூடாது. அவர் அடிபட்டாலும் ஆறு பேர் தலைநிமிர்ந்து ஆடும் அளவுக்குக் கையில் மிச்சம் இருக்க வேண்டும்.

இரண்டு, போன வருடம் எடுத்த புள்ளிக்காகக் கொடுக்கக் கூடாது. இனி எடுக்கப்போகும் புள்ளிக்காகக் கொடுக்க வேண்டும். வளர்ந்து வரும்போதே அடையாளம் கண்டு, நல்ல தொகைக்குத் தக்கவைக்கிற அணிக்குத்தான் லாபம். வீரருக்கும் அதுதான் பாதுகாப்பு.

மூன்று, நட்சத்திரத்துக்கு முன்னால் இரண்டாவது ரெய்டரையும் இரண்டு கார்னரையும் உறுதி செய்ய வேண்டும். அவர்கள் இருந்தால்தான் நட்சத்திரம் பெஞ்ச்சிலிருந்து எழுந்து வர முடியும்.

ஊர் ஆட்டத்திலும் இதைப் பார்க்கலாம். விருந்தாளி ரெய்டர் நாலு பாட்டில் ஏழெட்டுப் புள்ளி அள்ளிக்கொண்டு வருவார். விசில் பறக்கும். ஐந்தாவது பாட்டில் கணுக்கால் சிக்கும். மேலே ஏழு பேரும் விழுவார்கள். நடுவர் கை தூக்குவார். அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் உட்காருவார்.

கூட்டம் ஒரு நொடி அமைதியாகும். அதுவரை யாரும் கவனிக்காத, அதே ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் குனிந்து கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போவான். கோப்பை எந்த ஊருக்கு என்பது பெரும்பாலும் அந்தப் பையன் திரும்பி வருவதில்தான் இருக்கிறது.