பெட்டிக்கு வந்த கண்டம்!

ஜோசியத்தில் 'கண்டம்' என்றால் பரிகாரம் உண்டு. நீரில் கண்டம், நெருப்பில் கண்டம் என்று எதைச் சொன்னாலும் ஒரு நெய் விளக்கு, ஒரு மொட்டை என்று சமாளித்து விடலாம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 'கண்டம்' என்றால் கதை முடிந்தது. 'கண்டெம்ண்டு' என்கிற இங்கிலீஷ் வார்த்தை நம்ம ஊர் வாயில் புகுந்து கண்டம் ஆகிவிட்டது. ஒரு பெட்டி கண்டம் ஆனால் ஏலம், ஏலத்துக்கு அப்புறம் கேஸ் கட்டர், அதற்கும் அப்புறம் உலை. நெருப்பில் கண்டம் என்பது இதுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும்!

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு உலை புதுசு இல்லை. சிப்காட் பக்கம் நின்று பாருங்கள். பழைய இரும்பு லாரி லாரியாக உள்ளே போகும். கட்டடக் கம்பியாக வெளியே வரும். எது எங்கிருந்து வந்தது என்று கம்பிக்குத் தெரியாது. ஒரு காலத்தில் நீங்கள் சண்டை போட்டுப் பிடித்த ஜன்னலோர சீட்டு, இன்று உங்கள் வீட்டுத் தூணுக்குள்ளேயே ஒளிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

நான் பி.காம். தேய்மானம் போக மிச்சம் என்ன என்று பார்க்கிற ஜாதி. ஓடி முடித்த பெட்டியை உருக்குவதில் எனக்கு வருத்தம் கிடையாது. இரும்பு மறுபடி இரும்பாவது நல்ல விஷயம்தான். ஆனால் ஆயிரத்தில் ஒன்றையாவது எடுத்து வைக்க வேண்டாமா? வைப்பதென்றால் எதை? இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது விவகாரம்.

1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அந்த ரயிலுக்குப் பெட்டி செய்தது நம்ம மெட்ராஸ் சிம்ப்சன் கம்பெனி. குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள்! அந்தக் கால ரயில் பெட்டி என்பது தண்டவாளத்தில் ஏற்றிய மர வண்டிதான். ராத்திரி வெளிச்சத்துக்குக் கூரையில் ஓட்டை போட்டு, எண்ணெய் விளக்கை மேலிருந்து உள்ளே இறக்குவார்கள். அப்புறம் அடிச்சட்டம் இரும்பானது. மேல்பாகம் மட்டும் ரொம்ப நாள் தேக்காகவே இருந்தது. 1955 அக்டோபர் 2-ல் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பை நேரு தொடங்கி வைத்தார். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனி டிசைனில் முழுக்க எஃகுப் பெட்டிகள் வரத் தொடங்கின. மரப்பெட்டிக்கு மெல்ல மெல்லக் கண்டம்!

பழசைப் புதுப்பிப்பது என்றால் பெயின்ட் அடிப்பது என்று நம்மில் பலருக்கு நினைப்பு. பெயின்ட் கடைசி வேலை சார்!

முதல் வேலை, எதையும் கழற்றாமல் போட்டோ எடுப்பது. ஒவ்வொரு பலகைக்கும் நம்பர் போடுவது. பல பெட்டிகளுக்கு ஒரிஜினல் வரைபடம் கிடைக்காது. பெட்டியேதான் வரைபடம். அவசரப்பட்டுப் பிரித்தால் ஜாதகத்தைக் கிழித்த மாதிரி.

அடுத்து, பெட்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரங்கள் உள்ள போகியை வெளியே உருட்டுவார்கள். அச்சில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசோனிக் சோதனை செய்வார்கள். மனுஷனுக்கு ஸ்கேன் எடுக்கிற அதே தத்துவம்தான்.

துரு எங்கே முதலில் பிடிக்கும் தெரியுமா? தண்ணீர் தேங்குகிற இடங்களில். கதவடி, ஜன்னலடி, எல்லாவற்றுக்கும் மேலாக... கக்கூஸ் அடி! பலாப்பழம் சாப்பிட்டு வயிறு கலங்கி வழியில் இறங்கிய ஓகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி, ரயிலைத் தவறவிட்டு, பிளாட்பாரத்தில் மானத்தையும் விட்டு, 1909-ல் ரயில்வேக்குக் கோபமாக எழுதிய கடிதம் ரொம்பப் பிரசித்தம். சாதாரண வகுப்புக்குக் கழிவறை வந்ததே அதனால்தான் என்பார்கள். பயணிக்கு நிம்மதி, தகட்டுக்குச் சனி! அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும்.

மர வேலைதான் பொறுமையைச் சோதிப்பது. பழைய பெட்டிக் கூரையில் பலகை மேல் கான்வாஸ் துணி ஒட்டிப் பெயின்ட் பூசியிருப்பார்கள். துணி கிழிந்தால் மழைத் தண்ணீர் நேரே மூட்டுகளுக்குள் இறங்கும். வெளியே பளபளவென்று இருக்கும் தேக்குச் சட்டம், உள்ளே விரலால் குத்தினால் உதிரும். கைதேர்ந்த ஆசாரி முழுச் சட்டத்தையும் பிடுங்க மாட்டார். உளுத்த பாகத்தை மட்டும் சரிவாக வெட்டி, அதே ஜாதித் தேக்கை இணைத்து ஒட்டுப் போடுவார். ஊஞ்சல் சங்கிலியையும் மாற்றி, பலகையையும் மாற்றிவிட்டு, "தாத்தா ஆடின ஊஞ்சல்" என்று சொன்னால் தாத்தாவே சிரிப்பார் அல்லவா?

பித்தளைக் கைப்பிடி, கொக்கி, விளக்குக் கூடு எல்லாம் எப்போதோ காணாமல் போயிருக்கும். மிச்சமிருக்கும் ஒன்றை மாதிரியாக வைத்து, மணல் அச்சு எடுத்து, புதுசாக வார்க்க வேண்டும். பழைய பெயின்ட்டை ஓரிடத்தில் மெதுவாகத் தேய்த்தால் மரத்தின் வயசு வளையம் போல ஒவ்வொரு காலத்து நிறமும் தெரியும். எந்த வருஷத்து நிறத்தை அடிப்பது என்று முடிவு செய்த பிறகுதான் பிரஷ்ஷைக் கையில் எடுக்கலாம்.

இவ்வளவும் செய்து முடித்தால், 'ஓட்டுவதா, நிறுத்துவதா?' என்று அடுத்த தலைவலி. ஓட்டினால் இன்றைய பிரேக், இன்றைய பாதுகாப்பு விதி எல்லாம் வேண்டும். பழமை கொஞ்சம் போகும். 1982 ஜனவரி 26-ல் மகாராஜாக்களின் பழைய சலூன்களை வைத்து 'பேலஸ் ஆன் வீல்ஸ்' ஓடியது. 1991-ல் அந்தச் சலூன்களுக்குப் பதில் புதுப் பெட்டிகள் வந்துவிட்டன. ராஜா பெட்டி என்றாலும் ஏ.சி. இல்லாவிட்டால் யார் சார் வருவார்கள்?

எஞ்சினுக்கு இந்தக் கவலை குறைவு. கல்யாணத்தில் மாப்பிள்ளை மாதிரி, எல்லா போட்டோவும் அதற்குத்தான். 1855-ல் இங்கிலாந்தில் செய்த இ.ஐ.ஆர். 21 எஞ்சினை நம்ம பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் 2010-ல் மறுபடி ஓட வைத்தது. பெரிய சாதனை. ஆனால் ஜனங்கள் உட்கார்ந்து, தூங்கி, அழுது, பிள்ளைக்குச் சோறூட்டியது எஞ்சினில் இல்லையே, பெட்டியில்தானே!

பெட்டியிலும் பாருங்கள், தப்பிப் பிழைத்தவை பெரும்பாலும் பெரிய இடத்துப் பெட்டிகள். டெல்லி ரயில் மியூசியத்தில் 1875-ம் வருஷத்து வேல்ஸ் இளவரசர் சலூன். மைசூர் மியூசியத்தில் 1899-ம் வருஷத்து மகாராணி சலூன். சந்தோஷம். ஆனால் நம்ம தாத்தா போன மூன்றாம் வகுப்பு? அந்த வகுப்பையே 1974-ல் எடுத்துவிட்டார்கள். வெறும் பலகை பெஞ்சுக்கு மது தண்டவதே மந்திரியாக இருந்தபோது, 1977-ல் இரண்டங்குல மெத்தை வந்தது. முதுகு பிழைத்தது. அந்தப் பலகை பெஞ்சு எத்தனை பிழைத்தது?

இப்போது அதே கதை நம் காலத்துப் பெட்டிக்கு. 2018 ஜனவரி 19-ல் கடைசி ஐ.சி.எஃப். மாடல் பெட்டி வெளியே வந்தது. இனி எல்லாம் வேறு டிசைன். 25 வருஷ ஆயுசு என்று கணக்குப் போட்ட அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஏலத்துக்குப் போகின்றன. சில அதிர்ஷ்டசாலிகள், 2020-ல் அசன்சோலில் திறந்த மாதிரி, ஸ்டேஷன் வாசலில் ஓட்டலாகிவிட்டன. உயிர் தப்பியது சரி, ஆனால் அது தாத்தாவுக்கு ஜீன்ஸ் மாட்டிய கதை. சைடு லோயர் பெர்த் எங்கே, சங்கிலி மாட்டிய நடு பெர்த் எங்கே?

கணக்குப்பிள்ளையாக ஒன்று சொல்கிறேன். புதுப்பிக்கிற செலவு ஒரு தடவைதான். அதற்கு ரிப்பன் வெட்ட ஆள் உண்டு, மாலை உண்டு. மேலே ஷெட் போடுவதும், மூன்றாவது வருஷம் கூரை ஒழுகலை அடைப்பதும் வருஷா வருஷம் வருகிற செலவு. அதற்கு மாலை கிடையாது. கடற்காற்று வீசுகிற சென்னையில் வெட்டவெளியில் விட்ட பெட்டி, ஒர்க்‌ஷாப்புக்குப் போகாமலே கண்டம் ஆகிவிடும். எனவே பத்துப் பெட்டியை வெயிலில் நிறுத்துவதைவிட, ஒரு சாதாரண இரண்டாம் வகுப்புப் பெட்டியைக் கூரைக்குக் கீழே, பெர்த், பங்கா, சோப்பு வைக்கிற மாடம் உட்பட அப்படியே வைப்பது லாபம்.

2002-ல் திறந்த ரயில் மியூசியம் நம்ம ஐ.சி.எஃப். வளாகத்திலேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறினால் பெரம்பூர் பக்கம்தான். பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். எஞ்சின் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அப்புறம் ஒரு பழைய பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து கதவடியைப் பாருங்கள். துரு தட்டுப்பட்டால், பார்வையாளர் புத்தகம் இருந்தால் அதில் ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள். ஓகில் பாபுவின் ஒரே ஒரு கடிதத்துக்கே அவ்வளவு பலன் என்கிறார்களே!