தொலைநிலைத் தரவுத்தள வழங்கியைப் பயனர் கணினியில் பதிவு செய்தல்: தமிழாய்வாளருக்கான விளக்கம்

முன்னுரை

தமிழ்ச் சொல்வங்கி, மாணவர் கட்டுரைத் தொகுப்பு, வழக்காற்றுப் பதிவுகள் முதலியவற்றைத் தரவுத்தளமாக்கும் முயற்சிகளில் நம் துறைகள் ஈடுபட்டு வருகின்றன. இத்தரவுகளை ஆய்வாளர் ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் படியெடுத்து வைத்துக்கொள்வது எளிய வழியாகத் தோன்றலாம். ஆனால், ஒரு படியில் செய்யப்படும் திருத்தம் மற்றொரு படியைச் சென்றடைவதில்லை. ஒரே சொல்லுக்கு இருவர் இருவேறு எண்ணிக்கை தரும் நிலையில், எவருடைய முடிவையும் சரிபார்க்க இயலாது. எனவே, தரவு ஓரிடத்தில் இருக்க, பலர் அதனை அணுகுவதே ஆய்வு நெறிக்கு ஏற்றதாகும். அவ்வாறு அணுகுவதற்குரிய முதற்படியை ஐபிஎம் நிறுவனத்தின் டிபி2 தரவுத்தளத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

பதிவு என்பதன் பொருள்

டிபி2-இல் இச்செயலுக்குரிய கட்டளை 'கேட்டலாக்' என்பதாகும். நூலகப் பட்டியலைக் குறிக்கும் இச்சொல் இங்கு மிகப் பொருந்தி வருகிறது. பட்டியல் அட்டையில் நூல் இல்லை. நூல் இருக்கும் இடமே உள்ளது. அதுபோலவே, பதிவு செய்வதால் தரவு நம் கணினிக்கு வருவதில்லை. அதன் இருப்பிடக் குறிப்பு மட்டுமே எழுதப்படுகிறது. முன்னர் இதனைச் செய்வதற்கு வரைகலைக் கருவி ஒன்றும் இருந்தது. 2012-இல் வெளிவந்த 10.1 பதிப்பில் அது நீக்கப்பட்டமையால், கட்டளைவழிப் பதிவை அறிந்திருத்தல் மேலும் தேவையாகிறது.

இரு கட்டளைகள்

'சொல்வளம்' என்னும் தரவுத்தளம் துறையின் வழங்கியில் உள்ளதாகக் கொள்வோம். பதிவு தொடங்குமுன் வழங்கியின் முகவரி, அது செவிமடுக்கும் வாயில் எண் (எடுத்துக்காட்டாக 50000), தரவுத்தளத்தின் பெயர் ஆகிய மூன்றையும் பொறுப்பாளரிடம் கேட்டறிதல் வேண்டும். கீழ்வரும் கட்டளைகளை ரோமன் எழுத்தில் தட்டச்சிட வேண்டும். இங்கு அவற்றின் ஒலிப்பைத் தருகிறோம்.

1. கேட்டலாக் டிசிபிஐபி நோட் மையம் ரிமோட் [வழங்கியின் முகவரி] சர்வர் 50000

2. கேட்டலாக் டேட்டாபேஸ் சொல்வளம் ஆஸ் சொல்1 அட் நோட் மையம்

முதற்கட்டளை வழங்கிக்கு 'மையம்' என்னும் கணுப்பெயரைச் சூட்டுகிறது. இரண்டாவது, அக்கணுவில் உள்ள தரவுத்தளத்திற்குச் 'சொல்1' என்னும் மாற்றுப்பெயரைத் தருகிறது. இருவேறு வழங்கிகளில் ஒரே பெயருடைய தரவுத்தளங்கள் இருப்பினும் மாற்றுப்பெயரால் அவற்றை வேறுபடுத்தலாம். இப்பெயர்கள் எட்டு ரோமன் எழுத்துகளுக்கு மிகலாகாது. அடுத்து 'டெர்மினேட்' எனக் கட்டளையிட்டால் பழைய குறிப்புகள் நினைவகத்திலிருந்து நீங்கும். பின்னர் 'கனெக்ட் டு சொல்1 யூசர்' எனத் தொடங்கிப் பயனர் பெயரை இட்டு இணையலாம்.

பிழைகளை அறிதல்

பதிவு வெற்றி பெற்றது என்னும் செய்தி இணைப்பு உறுதியானதைக் குறிக்காது. முகவரி தவறாக இருப்பினும் கட்டளை அதனை ஏற்றுக்கொள்ளும். இணைய முயலும்போதே பிழை வெளிப்படும். 1013 என்னும் எண்ணுடைய பிழைச்செய்தி தரவுத்தளப் பெயரோ மாற்றுப்பெயரோ காணப்படவில்லை என்பதையும், 30081 தகவல்தொடர்பு தடைப்பட்டதையும், 30082 பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் போன்ற பாதுகாப்புச் சிக்கலையும் உணர்த்தும். 30081 தோன்றின் முகவரி, வாயில் எண், தீயரண் ஆகியவற்றை முறையே சோதித்தல் நன்று. 'லிஸ்ட் நோட் டைரக்டரி', 'லிஸ்ட் டேட்டாபேஸ் டைரக்டரி' என்னும் கட்டளைகள் நாம் எழுதிய குறிப்புகளை மீண்டும் காட்டும்.

தவறான பதிவை 'அன்கேட்டலாக்' கட்டளையால் அகற்றலாம். அட்டையைக் கிழிப்பதால் நூல் அழியாததுபோல், இதனால் தரவுக்குத் தீங்கில்லை. ஆனால், 'டிராப் டேட்டாபேஸ்' தரவுத்தளத்தையே அழிப்பதாகும். இவ்விரண்டின் வேறுபாட்டை மாணவர்க்கு முதலிலேயே அறிவுறுத்தல் வேண்டும். அழிக்கும் உரிமையை அவர்களின் கணக்குகளுக்கு வழங்காதிருத்தல் அதனினும் பாதுகாப்பானது.

தமிழ்த் தரவுக்குரிய எச்சரிக்கை

இணைப்புக் கிடைத்தபின் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று எழலாம். வழங்கி ஒருங்குறியில் இயங்க, பயனர் கணினியின் கட்டளைச் சாளரம் மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான குறியீட்டுப் பக்கத்தில் இருப்பின், தமிழ் எழுத்துகளுக்கு அங்கு இடமில்லை. அவை மாற்றுக்குறிகளாகத் தோன்றும். அந்நிலையில் அவற்றை மீண்டும் வழங்கியில் எழுதினால், மூல எழுத்துகளை அக்குறிகளிலிருந்து மீட்க இயலாது. எனவே, 'டிபி2கோட்பேஜ்' என்னும் மாறியில் யூடிஎஃப்-8-ஐக் குறிக்கும் 1208 என்ற மதிப்பை அமைத்து, சாளரமும் எழுத்துருவும் தமிழைக் காட்டுகின்றனவா எனப் பார்த்து, வாசிப்பை மட்டும் சோதித்த பின்னரே எழுதும் பணியைத் தொடங்குதல் வேண்டும்.

முடிவுரை

பதிவு செய்வதற்குச் சில நிமிடங்களே தேவைப்படும். எனினும், எந்த வழங்கியின் எந்தத் தரவுத்தளத்திலிருந்து, எந்நாளில் தரவு பெறப்பட்டது என்பதை ஆய்வேட்டில் குறிப்பிட இது வழிவகுக்கிறது. பிறர் அதே தளத்தை அணுகி நம் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் வாய்ப்பும் பெறுவர். தமிழ்த்தரவு சார்ந்த ஆய்வுகள் நம்பகத்தன்மை பெறுவதற்கு இவ்வாய்ப்பு இன்றியமையாதது என்பது எம் கருத்தாகும்.