கேட்போர் விருப்பமும் கதாசிரியர் கடமையும்

"ஜனங்கள் விரும்புவதையே நாங்கள் கொடுக்கிறோம்" என்னும் வாக்கியம் புத்தக வியாபாரிகள், நாடகக் கொட்டகைக்காரர்கள், சினிமா முதலாளிகள் ஆகியோர் வாயில் உலகெங்கும் நெடுங்காலமாக வழங்கி வருவதாகும். கேட்பதற்கு இது மிகவும் பணிவான வார்த்தை. ஜனங்களே எஜமானர்கள், தாங்கள் அவர்கள் இட்ட பணியைச் செய்யும் ஊழியர்கள் என்று அவர்கள் கூறுவதுபோல் தோன்றும். ஆனால் ஜனங்களின் விருப்பம் இன்னதென்று நிர்ணயித்தவர் யார்? எந்த ஜனங்களைக் கேட்டு நிர்ணயித்தார்? கேட்கப்படாமல் விடப்பட்டவர் எத்தனை பேர்? இக்கேள்விகளை எழுப்பிய மாத்திரத்தில், அந்தப் பணிவின் உள்ளே ஓர் அதிகாரம் ஒளிந்திருப்பது புலனாகும். மாயக் கதைகள் எழுதி உலகப் புகழ் எய்திய ஓர் அமெரிக்க ஆசிரியையின் அனுபவத்தைக் கொண்டு இவ்விஷயத்தை இன்று ஆராய விரும்புகிறோம்.

ஸ்ரீமதி உர்ஸுலா லெ குவின் 1929-ம் வருஷம் அக்டோபர் மாதம் 21-ந் தேதி கலிபோர்னியா மாகாணத்துப் பெர்க்லி நகரில் பிறந்தவர். அவருடைய தந்தையார் ஆல்பிரட் குரோபர், அமெரிக்காவின் ஆதிக்குடிகளுடைய பாஷைகளையும் ஆசாரங்களையும் ஆராய்ந்த பண்டிதர். தாயார் தியோடோரா குரோபர், வெள்ளையர் குடியேற்றத்தால் தன் குலம் முழுதும் அழிந்துபோகத் தனியனாய் எஞ்சிய இஷி என்னும் ஆதிக்குடி மனிதனின் சரித்திரத்தை 1961-ல் நூலாக வெளியிட்டவர். வெள்ளை நிறத்தவரே உலகத்துக்கு நடுநாயகம் என்னும் எண்ணம் அத்தகைய வீட்டில் எளிதில் வேரூன்றியிராது என்று நாம் ஊகிப்பது தவறாகாது. லெ குவின் 2018-ம் வருஷம் ஜனவரி 22-ந் தேதி, ஓரிகன் மாகாணத்துப் போர்ட்லண்டு நகரில் தமது எண்பத்தெட்டாம் வயதில் காலமானார்.

1967-ல் பெர்க்லி நகரத்துப் பார்னாஸஸ் பிரசுராலயத்தின் அதிபர் ஹெர்மன் ஷைன் என்பவர், சற்று வளர்ந்த சிறுவர்கள் படிப்பதற்குரிய நூலொன்று எழுதித் தரவேண்டுமென்று லெ குவினைக் கேட்டுக்கொண்டார். விஷயம் எதுவாயினும் போக்கு எதுவாயினும் ஆசிரியையின் இஷ்டம் என்று பூரண சுதந்திரமும் அளித்தார். ஆசிரியை யோசித்தார். ஐரோப்பியக் கதைகளில் வரும் மாந்திரீகர்கள் யாவரும் நரைத்த தாடியுடைய கிழவர்களாகவே இருக்கிறார்கள். ஆர்தர் மன்னன் கதையில் வரும் மெர்லின் அப்படி. டோல்கீன் எழுதிய காண்டால்பும் அப்படியே. இவர்களும் ஒரு காலத்தில் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள் அன்றோ? தங்கள் வித்தையை எவரிடம், எங்கே கற்றார்கள்? கற்கும்போது என்ன பிழைகள் செய்தார்கள்? இக்கேள்விகளிலிருந்து பிறந்ததே, எர்த்ஸீ என்னும் கற்பனைத் தீவுக்கூட்டத்தில் ஆடு மேய்க்கும் சிறுவனாகத் தொடங்கி மாந்திரீகனாகும் கெட் என்பவனின் கதை. நூல் 1968-ல் வெளிவந்தது.

இத்தகைய கதையைக் கையில் எடுக்கும் அமெரிக்க வாசகன் அக்காலத்தில் எவற்றை எதிர்பார்த்தான்? அரசர்கள், சேனைகள், மகா யுத்தம். தர்மத்தின் பக்கம் வெண்ணிறத்து வீரன். அதர்மத்தின் பக்கம் எங்கிருந்தோ திரண்டு வரும் கறுத்த கூட்டம். காலமும் கொந்தளிப்பான காலம். நீக்ரோ மக்களுக்குச் சம உரிமை வழங்கும் சட்டம் 1964-லும், அவர்களுடைய வாக்குரிமையைப் பாதுகாக்கும் சட்டம் 1965-லும் நிறைவேறியிருந்தன. அவ்வுரிமைப் போரில் காந்தியடிகளின் வழியைக் கைக்கொண்ட மார்ட்டின் லூதர் கிங் 1968-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 4-ந் தேதி சுடப்பட்டு உயிர் துறந்தார். அதே வருஷத்தில் வெளிவந்த இந்நூலில் கதாநாயகன் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய உயிர்த் தோழன் அவனிலும் கறுத்தவன். கிராமத்தைக் கொளுத்திக் கொள்ளையிட வரும் கார்க் என்னும் படையினரோ வெண்ணிறமும் மஞ்சள் மயிரும் உடையவர்கள்! இதனை ஆசிரியை முதற் பக்கத்தில் பறையறைந்து சொல்லவில்லை. வாசகன் அச்சிறுவனிடம் பற்றுக் கொண்டு அவன் சுகதுக்கங்களைத் தன்னுடையனவாக ஏற்றுக்கொண்ட பிறகு, அவன் நிறம் இன்னதென்று சிறிது சிறிதாக உணரும்படி செய்தார். வேண்டுமென்றே அவ்விதம் செய்ததாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

எதிரி விஷயத்திலும் அவர் வழக்கத்தைக் கைவிட்டார். கெட் கல்விச்சாலையில் பயிலும்போது, சக மாணாக்கன் ஒருவன்மீது கொண்ட போட்டியாலும் கர்வத்தாலும், தன் சக்திக்கு மீறிய மந்திரத்தைச் செபிக்கிறான். அதன் பயனாய் ஒரு கரிய நிழல் உலகத்துக்குள் புகுந்து அவனைத் துரத்துகிறது. அவன் தீவு தீவாக ஓடுகிறான். ஓடுவதை நிறுத்தி, திரும்பி, துரத்துவதையே துரத்து என்று குரு ஓகியன் உபதேசிக்கிறார். உலகத்தின் கிழக்கு எல்லையில் அதனைச் சந்திக்கும்பொழுது கெட் அதனை அழைக்கும் பெயர் அவனுடைய பெயரேயாகும். யுத்தமில்லை, சங்காரமில்லை. தன் உள்ளத்துத் தீமையைத் தனதென்று ஒப்புக்கொள்வதே வெற்றி. வாசகர் கேட்டது வேறு. ஆசிரியை கொடுத்தது வேறு. எனினும் அந்நூல் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டு வருகிறது.

இதனால் வாசகருடைய எதிர்பார்ப்பு முழுவதையும் ஆசிரியர் உதறித் தள்ளலாம் என்பது பொருளன்று. எதிர்பார்ப்பு இருவகைப்படும் என்பது நமது அபிப்பிராயம். ஒன்று, பழக்கத்தால் வருவது: முன் பத்து நூல்களில் கண்டதையே பதினோராவது நூலிலும் காணவேண்டும் என்னும் சோம்பல். மற்றொன்று, நியாயத்தால் வருவது: ஆசிரியர் முதலில் வகுத்த விதியை நடுவில் மீறக்கூடாது, செய்த வினைக்குப் பயன் வரவேண்டும், பாத்திரங்கள் மனிதராய் நடந்துகொள்ளவேண்டும் என்னும் உரிமை. மாயக் கதையில் எதுவும் நடக்கலாம் என்று எண்ணுவோர் அக்கதையின் தன்மையை அறியாதவர்கள். லெ குவினுடைய உலகில் மந்திரத்துக்கும் சட்டம் உண்டு. ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனே அதனை ஆளமுடியும். ஓரிடத்தில் மழையைப் பெய்விப்பவன் வேறோரிடத்தில் வறட்சியை உண்டாக்கக்கூடும். தராசின் ஒரு தட்டைத் தொட்டால் மறு தட்டு அசையும். இச்சட்டத்தை அவர் தம் கதாநாயகனுக்காகவும் தளர்த்தவில்லை. நியாயமான எதிர்பார்ப்பை இவ்வளவு கண்டிப்பாக நிறைவேற்றியவராதலால், பழக்கத்தின் எதிர்பார்ப்பை மறுக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டாயிற்று.

நிற்க. வாசகர்கள் ஏற்றுக்கொண்டதை வியாபாரிகள் ஏற்றுக்கொண்டார்களா? அதுதான் இல்லை. முதற் பதிப்பின் மேலுறையில் ரூத் ராபின்ஸ் என்னும் சித்திரக்காரி கெட்டைச் செம்பழுப்பு முகத்துடன் தீட்டியிருந்தார். பிந்திய பதிப்புக்கள் பலவற்றில் அம்முகம் வெளுத்துப்போயிற்று. ஆசிரியை அட்டைப் படங்களுக்காகப் பல முறை போராடினார். பெரும்பாலும் தோல்வியே அடைந்தார். கறுத்த முகத்தை அட்டையில் போட்டால் விற்பனை குன்றும் என்பதே அவருக்கு மீண்டும் மீண்டும் கிடைத்த விடை. 2004-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமொன்று இக்கதையைப் படமாக்கி ஒளிபரப்பியபோது, கெட்டாக வந்து நின்றவர் ஒரு வெள்ளை இளைஞர். பிரதான ஆடவர்களுள் குருவாகிய ஓகியன் ஒருவர் மட்டுமே கறுப்பராக இருந்தார். ஆசிரியை அதே மாதத்தில் 'ஸ்லேட்' என்னும் பத்திரிகையில் கட்டுரை எழுதித் தம் ஆட்சேபத்தை உலகறியச் செய்தார். நிறத்தைத் தாம் ஏதோ அலங்காரத்துக்காகச் சேர்க்கவில்லையென்றும், தொடக்கத்திலிருந்தே ஆலோசித்துத் தேர்ந்ததென்றும் அதில் விளக்கினார்.

அக்கட்டுரையில் அவர் கூறிய ஒரு செய்தியை நமது வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வெள்ளையரல்லாத வாசகர்கள் சிலர், மாயக் கதைகள் அனைத்திலும் தங்களுக்கும் இடமுண்டு என்று தாங்கள் உணர்ந்தது எர்த்ஸீ நூல்களில் மட்டுமே என்று அவருக்குத் தெரிவித்தார்களாம். இளம் பருவத்தில் அது தங்களுக்கு எவ்வளவு பெரிய ஆதரவாக இருந்தது என்றும் கூறினார்களாம். இவர்களும் வாசகர்கள் அல்லவா? இவர்களும் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியவர்கள் அல்லவா? "வாசகர் விருப்பம்" என்று வியாபாரி கணக்கிட்டபோது இவர்களை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை? ஒரு சாராரின் பழக்கத்தை எல்லோருடைய விருப்பமென்று எழுதி, மற்றவர்களைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடும் தந்திரம் நமக்குப் புதிதன்று. 1935-ம் வருஷத்து இந்தியச் சட்டத்தின் கீழ் சொத்தும் படிப்பும் முதலிய தகுதிகள் உடையவர்க்கே வாக்குரிமை இருந்தது. ஏனையோர் அரசியல் அறியாதவர்கள் என்று அதிகாரிகளே தீர்மானித்துக்கொண்டார்கள். 1951-52-ல் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்தபோதுதான், கேட்கப்படாதவர்களுக்கும் அபிப்பிராயம் உண்டு என்பது நிரூபணமாயிற்று.

வியாபாரியை எதிர்ப்பது ஒருவாறு எளிது. தம்மீது அன்பு வைத்த வாசகரை எதிர்ப்பதே ஆசிரியருக்குக் கடினமான பரீக்ஷை. லெ குவின் 1971-லும் 1972-லும் எர்த்ஸீக் கதையின் இரண்டாம், மூன்றாம் பாகங்களை வெளியிட்டார். மூன்றாம் பாகம் 1973-ல் அமெரிக்க தேசியப் புத்தகப் பரிசைப் பெற்றது. கெட் அதில் உலகத்தைக் காத்துத் தன் சக்தி முழுவதையும் இழந்தான். பதினெட்டு வருஷம் கழித்து, 1990-ல், 'தெஹானு' என்னும் நான்காம் பாகம் வந்தது. மகா மாந்திரீகனுடைய புதிய சாகசங்களை எதிர்பார்த்தவர்கள் கண்டதென்ன? கணவனை இழந்த குடியானவப் பெண்மணி ஒருத்தி. தீயில் தள்ளப்பட்டு உடல் கருகிய அநாதைக் குழந்தை ஒன்று. மந்திரமிழந்து, வெட்கி, ஆடு மேய்க்கப் போகும் கெட். பாத்திரம் துலக்கலும், தையலும், அயலார் பகையும், ஆடவர் அதிகாரத்தின் கீழ் பெண்கள் படும் அச்சமுமே கதை. பலர் ஏமாற்றமடைந்தார்கள், சிலர் கோபித்தார்கள். ஆனால் ஆசிரியை செய்தது தம் கதையையே குறுக்கு விசாரணை செய்ததாகும். முன் நூல்களில் நிறத்தைப் பற்றிய பழக்கத்தை உடைத்த தாம், வித்தையும் பெருமையும் ஆடவர்க்கே உரியன என்னும் பழக்கத்தை உடைக்காமல் விட்டுவிட்டதை உணர்ந்தார். தம் பிழையைத் தாமே திருத்தினார். அதுவே கடைசி நூலென்று அப்போது அறிவித்தவர், 2001-ல் மேலும் இரு நூல்களை வெளியிட்டு அந்த அறிவிப்பையும் திருத்திக்கொண்டார். வாசகனிடம் பழக்கத்தை விடச் சொல்லுபவர் தம் பழக்கத்தையும் விடத் துணிந்தவராக இருத்தல் வேண்டும்.

2014-ம் வருஷம் நவம்பர் மாதம் நியூயார்க் நகரில், அமெரிக்க இலக்கியத்துக்கு ஆற்றிய தொண்டுக்காகத் தேசியப் புத்தக ஸ்தாபனத்தார் அவருக்குப் பதக்கம் வழங்கினார்கள். எண்பத்தைந்து வயதுக் கிழவி மேடையேறி நிகழ்த்திய சிறு பிரசங்கம், வந்திருந்த பிரசுரகர்த்தர்களையே நோக்கிச் சென்றது. சந்தைச் சரக்கை உற்பத்தி செய்வது வேறு, கலையைப் பயில்வது வேறு என்று அவர் கண்டித்துரைத்தார். இன்று லாபத்தின் ஆட்சி அசைக்கமுடியாததாகத் தோன்றினாலும், அரசர்களின் தெய்வீக உரிமையும் ஒரு காலத்தில் அவ்வாறே தோன்றியதென்றும், மனிதர் ஆக்கிய அதிகாரத்தை மனிதர் எதிர்த்து மாற்றக்கூடுமென்றும், அந்த மாறுதல் பல சமயங்களில் சொற்கலையிலேயே தொடங்குகிறதென்றும் கூறினார். மாயக் கதை எழுதும் பெண்மணி கூறியதாயினும் இது அரசியல் உண்மையேயாகும்.

இவை அமெரிக்க விவகாரந்தானே, நமக்கென்ன என்று கேட்பவர் இருக்கலாம். கார்வண்ணனாகிய ராமனையும், கருமேனிக் கண்ணனையும், கிருஷ்ணை என்று நிறத்தாலேயே பெயர் பெற்ற திரௌபதியையும் தலைமுறை தலைமுறையாகக் கதை கேட்டுப் போற்றிய மக்கள் நாம். நமது நாட்டிலேயே சித்திரத்திலும் சினிமாவிலும் கதாநாயகியின் முகம் வெளுத்திருக்க வேண்டும் என்னும் நியதி எப்படி வந்தது? ஜனங்கள் விரும்புகிறார்கள் என்பதே இங்கும் விடை. எந்த ஜனங்கள் என்று இங்கும் கேட்க வேண்டியிருக்கிறது.

மேடையேறிப் பேசும் தேச ஊழியர்களுக்கும், பத்திரிகை நடத்தும் நமக்கும் இதில் படிப்பினை உண்டு. கூட்டம் கைதட்டும் என்று முன்கூட்டியே தெரிந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு இறங்குவது சுலபம். சந்தாதார் கோபிக்கமாட்டார் என்று தெரிந்த விஷயத்தை அச்சிடுவதும் சுலபம். அவ்விதம் செய்கிறவன் ஜனங்களை மதிப்பதாக எண்ணிக்கொள்கிறான். உண்மையில் அவன் அவர்களை இழிவுபடுத்துகிறான்; அவர்கள் நேற்று இருந்தபடியே நாளையும் இருப்பார்கள், புதியதொன்றைக் கேட்டு யோசிக்கும் திறமை அவர்களுக்கு இல்லை என்று அவன் முடிவு கட்டிவிட்டான். கேட்போர் தம்மினும் அறிவில் குறைந்தவர் அல்லர் என்று நம்பிக் கதை சொல்பவனே அவர்களுக்கு மரியாதை செய்கிறவன். லெ குவின் அந்த மரியாதையைத் தம் வாசகருக்குச் செய்தார். வாசகரும் அதனைக் கைவிடவில்லை. நமது ஜனங்களிடத்தில் நமக்கு அவ்வளவு நம்பிக்கை உண்டா என்பதை, எழுதுகிறவரும் பேசுகிறவரும் அவரவர் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்வாராக.