கலைஞர் நூலும் கலைச்சுவடியும்: கையால் ஆக்கிப் பரிமாறிக்கொள்ளப்படும் நூல்கள் குறித்த சொல்லாக்கச் சிக்கல்கள்

நூல் என்பது கருத்தைச் சுமக்கும் கலம். கலம் மாறினாலும் கருத்து மாறாது என்று கொள்வதே பொதுவழக்கு. ஒரு நாவல் கெட்டி அட்டையில் வந்தாலும் மலிவுப் பதிப்பாக வந்தாலும் அதே நாவல்தான். இந்தக் கொள்கைக்கு உட்படாத நூல்வகை ஒன்று உண்டு. தாளின் தடிமன், மடிப்பு, தையல், திறக்கும் திசை, விளிம்பின் வெட்டு ஆகிய யாவும் அதில் பொருளுணர்த்தும் கூறுகள். ஓவியரோ ஒளிப்படக்காரரோ தொழில்முறை சாராத ஆர்வலரோ தொடக்கம் முதல் இறுதிவரை தாமே திட்டமிட்டு அதனை ஆக்குகிறார். சில வேளைகளில் அதில் ஒரு சொல்கூட இராது.

அமெரிக்க ஓவியர் எட் ருஷே 1963 இல் வெளியிட்ட ‘இருபத்தாறு பெட்ரோல் நிலையங்கள்’ இவ்வகைக்கு அடிக்கடி காட்டப்படும் சான்று. தலைப்பு கூறுவதற்கு மேல் எதுவும் இல்லாத ஒளிப்படத் தொகுப்பு அது. முதற்பதிப்பு எண்ணிடப்பட்ட 400 படிகள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதனை ஏற்க மறுத்தது. மறுக்கப்பட்ட செய்தியையே ருஷே 1964 இல் கலை இதழ் ஒன்றில் விளம்பரமாக்கினார். 1973 இல் பிலடெல்பியாவின் மூர் கலைக் கல்லூரி நடத்திய கண்காட்சி ‘கலைஞர்கள் நூல்கள்’ என்னும் பொருள்படும் பெயரைத் தாங்கியது. அந்த ஆங்கிலத் தொடரில் வேற்றுமைக் குறி வேண்டுமா, வேண்டுமெனில் ஒருமைக்கா பன்மைக்கா என்னும் வழக்கு இன்றுவரை ஓயவில்லை. வேற்றுமை உருபைத் தொகையில் மறைத்துவிடும் தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதனினும் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது.

இந்நூல்களை ஆக்குவோர் விற்பனையை நாடாமல் தமக்குள் பரிமாறிக்கொள்வதும் உண்டு. நடைமுறை எளியது. குழுவில் பன்னிருவர் எனில் ஒவ்வொருவரும் தம் நூலைப் பன்னிரண்டு படிகள் ஆக்கி ஒருங்கிணைப்பாளரிடம் சேர்ப்பர். அவர் அவற்றைக் கலைத்து அடுக்கி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி கிடைக்கச் செய்வார். பணம் கைமாறாது. அளவும் கருப்பொருளும் முன்னரே வரையறுக்கப்படும். செய்முறைக் குறிப்புத் தாள் ஒன்று எல்லாருக்கும் செல்லும். கலைஞர்களின் பணிகளையும் எழுத்துகளையும் நூலாக்கும் ‘ரிலையபிள் காப்பி’ பதிப்பகம் 2018 இல் தோன்றிய பெங்களூருவில் இத்தகைய குழு ஒன்று கூடுமாயின், ஒரே மேசையைச் சுற்றித் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் பேசுவோர் அமர்வர். குறிப்புத் தாளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதனைத் தமிழாக்க முற்படுபவர் முதல் வரியிலேயே இடறுகிறார்.

பெயர்

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கலைஞர் நூல்’ என வரும். இலக்கண அளவில் இதில் குறையில்லை. எனினும் தமிழ்நாட்டு வாசகர் எவரும் இத்தொடரை மு. கருணாநிதி எழுதிய நூல் என்றே பொருள்கொள்வர். பொதுப்பெயர் ஒன்று பட்டப்பெயராகி, பொதுப்பொருளை ஏறத்தாழ வெளியேற்றிவிட்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கன்னடத்தில் ‘கலாவிதர புஸ்தக’ என்று கூசாமல் சொல்லிவிடலாம், தமிழில் முடியாது.

‘ஓவியர் நூல்’ எனின் ஒளிப்படக்காரரும் சிற்பியும் விடுபடுவர். ‘கைவினை நூல்’ என்பதில் சிக்கல் வேறு வகையானது. தமிழில் ‘நூல்’ என்பது தலைமைச் சொல்லாக நிற்கும் தொகைகளில், முன்னிற்கும் அஃறிணைப் பெயர் இயல்பாக நூலின் பாடுபொருளையே சுட்டும். இலக்கண நூல், சோதிட நூல், சமையல் நூல் என்பவற்றை நோக்குக. அவ்வழியில் கைவினை நூல் என்பது கூடை முடைவதைக் கற்பிக்கும் நூலாகிவிடும். ‘கலைநூல்’ இன்னும் தொலைவு போய்விடும். கலைச்சொல், கலைக்களஞ்சியம் ஆகியவற்றில் இன்றும் எஞ்சியிருப்பது போலக் ‘கலை’ என்பதற்கு அறிவுத்துறை என்னும் பழம்பொருள் உண்டு. பழைய வழக்கில் கலைநூல் என்பது சாத்திர நூலே.

தலைமைச் சொல்லை மாற்றினால் நிலைமை மாறுகிறது. ஏடு, சுவடி ஆகியவற்றின் முன் வரும் பெயர் பெரும்பாலும் அப்பொருள் எதனால் ஆனது என்பதைச் சுட்டும்: செப்பேடு, பொன்னேடு, ஓலைச்சுவடி, காகிதச் சுவடி. அதாவது ‘நூல்’ உள்ளடக்கத்தின் பெயர். ‘ஏடு’, ‘சுவடி’ பொருளின் பெயர்கள். நன்னூலின் பாயிரம் இதற்கு மறைமுகச் சான்றாகும். சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் புலவனை நூற்பவளாகவும் அது உருவகிக்கிறது. நூற்கும் கையின் இடத்தில் அங்கு நிற்பது புலவனின் வாய். ஓலைக்கும் எழுத்தாணிக்கும் அவ்வுருவகத்தில் இடமே இல்லை. எனவே கையால் ஆக்கப்பட்ட பொருள் என்பதை முன்னிறுத்த வேண்டுமெனின் சுவடியே தக்க சொல். ‘கையேடு’ வழிகாட்டி நூலுக்கு ஏற்கெனவே உரித்தாகிவிட்டமையால் ‘கலைச்சுவடி’ என்னும் வடிவம் பரிந்துரைக்கத்தக்கது. சுவடி என்றதும் பனையோலையே நினைவுக்கு வரும் என்ற மறுப்பு எழலாம். சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் தாளில் எழுதப்பட்டவையும் சுவடி என்ற பெயரிலேயே பேணப்படுகின்றன. ஆகவே அம்மறுப்பு வலுவுடையதன்று.

கடத

பெங்களூருவைச் சூழ்ந்த நிலப்பகுதி இவ்வாராய்ச்சிக்கு ஒரு சிறப்புச் சான்றினைத் தருகிறது. மைசூரில் பிரித்தானிய ரெசிடெண்டாகப் பணியாற்றிய மார்க் வில்க்ஸ், 1810 இல் முதற்பகுதி வெளிவந்த தம் தென்னிந்திய வரலாற்றில், ‘கடத’ என்னும் எழுதுபொருளை விரிவாக விளக்கியுள்ளார். 8 அங்குலம் முதல் ஓரடி வரை அகலமும் 12 முதல் 18 அடி வரை நீளமும் உள்ள பருத்தித் துணியின் இருபுறமும் கரித்தூளும் பசையும் சேர்த்துப் பூசுவர். பசைக்குப் புளியங்கொட்டை பயன்பட்டது. உலர்ந்தபின் துணியை வெட்டாமல் ஒரே அளவுள்ள பக்கங்களாக முன்னும் பின்னும் மடித்து, இரு கடைசி மடிப்புகளிலும் வண்ணம் தீட்டி மெருகிட்ட பலகைகளைப் பொருத்துவர். எப்பக்கமிருந்தும் திறக்கலாம்; இழுத்து விரித்தால் மீண்டும் ஒரே நீளத் துணி. சிலேட்டில் போல மாக்கல் குச்சியால் எழுதி, வேண்டாதபோது அழித்து மீண்டும் எழுதலாம். பழங்காலத்து ஆவணங்களுக்குப் பயன்பட்ட இது, வில்க்ஸ் காலத்திலும் மைசூர் நாட்டு வணிகரிடையே எங்கும் வழங்கியது. சிருங்கேரி மடத்தின் கடதங்கள் வரலாற்றாய்வாளர் நன்கறிந்தவை.

இன்றைய ஆர்வலர் குழுக்களில் புதியவருக்கு முதலிற் கற்பிக்கப்படும் வடிவங்களுள் ஒன்று இதே மடிப்புதான். ஆங்கிலக் குறிப்புகள் அதனை ஓர் இசைக்கருவியின் துருத்தியோடு ஒப்பிட்டுப் பெயரிடுகின்றன. மொழிபெயர்ப்பாளர் அக்கருவியைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. விசிறி மடிப்பு என்றாலும், புடைவை உடுத்துவோர் நாள்தோறும் கையாளும் கொசுவம் என்னும் சொல்லைக் கொண்டு கொசுவ மடிப்பு என்றாலும் கை தானே புரிந்துகொள்ளும்.

சொல்வரலாறு இங்கு இன்னும் சுவையானது. கன்னடத்தில் ‘கடத’ இன்று அரசு அலுவலகக் கோப்பினைக் குறிக்கிறது. மடித்த கருந்துணி மறைந்தது. பெயர் மேசைமேல் எஞ்சியது. தமிழ்க் ‘கோப்பு’ கோத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. ஒரு மொழி மடிப்பிலிருந்தும் மற்றொரு மொழி கோப்பிலிருந்தும் ஒரே பொருளுக்குப் பெயர் கண்டுள்ளன. கடதத்தில் எழுதும் மாக்கல் குச்சியாகிய ‘பளப’, தெலுங்கில் பலபமாகவும் தமிழ்ப் பள்ளிச் சிறுவர் வாயில் பலப்பமாகவும் வழங்கும். கன்னட ‘ஹொத்தகெ’ தமிழ்ப் ‘பொத்தகம்’ என்பதன் இணை என்பதைப் பகர–ஹகர மாற்றம் அறிந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆயின் ‘கடத’ என்பதைத் தமிழ்க் ‘கடிதம்’ என்பதோடு ஒலி ஒப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு இணைத்துவிடல் ஆகாது.

குறிப்புத் தாளின் சொற்கள்

‘நூலை ஊசியில் கோத்து, நூலின் முதுகில் நடுத்துளை வழியே நூலை உள்ளே செலுத்துக’ என்று ஒரு மொழிபெயர்ப்பு அமைந்தால் படிப்பவர் கையில் எது நூல், எது நூல்? இழையும் நூல், எழுதியதும் நூல் என்பது கவிஞர்க்கு வரம். செய்முறை எழுதுவோர்க்குத் துன்பம். செய்முறைக் குறிப்புகளில் இழைக்கு ‘நூல்’ என்பதை விட்டுக்கொடுத்து, ஆக்கப்படும் பொருளைப் ‘புத்தகம்’ என்றே கூறுவது நலம். தனித்தமிழ் ஆர்வத்தால் இவ்விடத்தில் புத்தகத்தைத் தவிர்ப்பது தெளிவைப் பலிகொடுப்பதாகும்.

தாளுக்கும் பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு பல மொழிபெயர்ப்புகளில் குழம்பிக் கிடக்கிறது. ஓர் ஏட்டுக்கு இரு பக்கம் உண்டு. ‘எட்டு ஏடு’ என்ற இடத்தில் ‘எட்டுப் பக்கம்’ என்று பெயர்த்தால் புத்தகம் பாதியாகக் குறைந்துவிடும். ஒன்றாக மடித்துத் தைக்கப்படும் தாள்தொகுதிக்கு அச்சகத்தாரும் பைண்டிங் தொழிலாளரும் ‘ஃபாரம்’ என்கின்றனர். அகராதியிலிருந்து ‘கையொப்பம்’ என்று பெயர்த்துவைத்தால் எவருக்கும் விளங்காது. முதுகு, அட்டை, காலிகோ, மயில்துத்தம் கலந்த மைதாப் பசை என்பன போலத் தொழிலகத்தில் உயிரோடிருக்கும் சொற்களைக் கேட்டறிவது அகராதி புரட்டுவதினும் பயன் தரும்.

ஓலைச்சுவடியின் உறுப்புப் பெயர்களும் உதவக்கூடும். ஏட்டின் இரு துளைகளுள் ஒன்றில் செருகும் கம்பி நாராசம். மற்றதில் கோக்கும் கயிற்றின் நுனியில் ஓலையைக் கத்தரித்து அமைப்பது கிளிமூக்கு. காதுக்கு ஒவ்வாத ஒலியைச் சொல்லும்போது மட்டுமே நாராசம் இன்று நினைக்கப்படுகிறது. தளர்ந்த ஏடுகளைக் கம்பியால் நிறுத்தும் கலைச்சுவடி ஒன்றின் விளக்கத்தில் அது தன் பழைய வேலைக்குத் திரும்பலாம்.

திரையில் ஏறும் மொழிபெயர்ப்பு

கையால் ஆக்கிய நூலும் மொழிபெயர்ப்பும் ஒரே கூரையின்கீழ்ச் சந்திக்கும் இடம் சென்னையில் உண்டு. கீதா உல்ஃப் 1994 இல் தொடங்கிய தாரா பதிப்பகம், பசித்த சிங்கம் பற்றிய குழந்தைகள் நூலின் கையால் செய்த மாதிரிப் படியை பிராங்பர்ட் புத்தகச் சந்தைக்குக் கொண்டு சென்றது. கனடா நாட்டுப் பதிப்பகம் ஒன்று 8000 படிகள் கேட்டது. ஒரு படியாக நிறுத்தியிருக்கக்கூடிய ஆக்கம் பெருந்தொகையாக, அதுவும் கையாலேயே திரை அச்சில் உருவாயிற்று. பின்னர் 2006 இல் வெளிவந்த, கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி ஆகியோரின் மரங்களைப் பற்றிய நூல், கருந்தாளில் அச்சிட்டுக் கையால் தைக்கப்பட்டது. படிகளுக்கு எண்ணிடப்பட்டது, மறுபதிப்புதோறும் அட்டை ஓவியம் மாறியது. 2008 இல் அதற்குப் பொலோனா விருது கிட்டியது. ‘பதிப்பு’, ‘படி’ என்னும் சொற்களின் எல்லை இங்கு நெகிழ்கிறது.

திரை அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு திரை வேண்டும். பிறமொழிப் பதிப்புக்கு ஓவியத் திரைகள் மாறா. எழுத்துக்குரிய திரை மட்டும் மாறும். மொழிபெயர்ப்பு, அச்சுக்கூடத்தில் ஒரு வண்ணத்தின் நிலையைப் பெற்றுவிடுகிறது. ஓவியம் விட்ட இடத்துக்குள் சொற்றொடர் அடங்க வேண்டும். மூலத்தினும் நீளும் இயல்புடைய மொழியில் பெயர்ப்பவர் அசை எண்ணிச் சுருக்குகிறார். தமிழ்ச் சொற்கள் ஒட்டுகள் சேர்ந்து நீள்வதால் குறுகிய இடத்தில் வரி முறிவது பெருஞ்சிக்கல். வினைமுற்றைத் தனிவரிக்குத் தள்ள நேர்ந்தால் மரத்தின் கிளையில் அது மோதும்.

பரிமாற்றமும் சுற்றும்

‘பண்டமாற்று’ என்னும் சொல் இக்குழுக்களின் செயலுக்குப் பொருந்தாது. பண்டமாற்றில் நெல்லுக்கு உப்பு என இருவரும் மதிப்பை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். இங்கே ஓராண்டு உழைத்த நூலுக்கு ஓரிரவில் மடித்த நூல் வரலாம், எவரும் குறைகூறார். ‘பரிமாற்றம்’ ஏற்புடையது. பரிமாறுதல் என்பதில் பந்தியில் உணவிடும் பொருளும் உடன் ஒலிப்பது குறையன்று.

தமிழர்க்கு இதனினும் பழகிய முறை ‘சுற்றுக்கு விடுதல்’. ஊர்தோறும் இளைஞர் நடத்திய கையெழுத்து இதழ்கள் இவ்வாறே வாழ்ந்தன. முத்துப்போன்ற கையெழுத்துடையவர் எழுத, ஓவியம் தெரிந்தவர் அட்டை வரைய, இதழ் வீடு வீடாகச் செல்லும். ஓரங்களில் படித்தவர் கருத்துகள் சேரும். திருவாரூரில் 1940களின் தொடக்கத்தில், பள்ளி மாணவராக இருந்த மு. கருணாநிதி நடத்திய ‘மாணவ நேசன்’ அத்தகையதொரு கையெழுத்து ஏடு. ‘கலைஞர் நூல்’ என்னும் தொடரை மொழிபெயர்ப்பாளரிடமிருந்து பறித்துக்கொண்டவரும் கையால் ஆக்கிய ஏட்டிலிருந்தே தொடங்கினார். ஒரு படி பலரிடம் செல்வது சுற்று. பல படிகள் பலரிடம் ஒருங்கே செல்வது பரிமாற்றம். பெங்களூருக் குழுவின் குறிப்புத் தாளில் இவ்விரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லால் குறிக்கப்பட்டிருப்பினும் தமிழில் பிரித்தே எழுத வேண்டும்: முன்னதில் புத்தகம் ஆக்கியவரிடம் திரும்பி வரும், பின்னதில் வாராது.