குடிஜலமும் மிருதுவான பிளாஸ்டிக் குழாய்களும்

கிணற்று ஜலத்தை வயலுக்குக் கொண்டுசெல்லச் சுருட்டி வைக்கத்தக்க மிருதுவான பிளாஸ்டிக் குழாய்கள் விவசாயிகளிடையே பரவியுள்ளன. பாசனத்திற்கு இவை மிகவும் அனுகூலமானவை. ஆனால் நடவு, களையெடுப்புக் காலங்களில் வேலையாட்கள் இக்குழாய் ஜலத்தையே அருந்துவதும், இதைக் கொண்டே வீட்டுத் தொட்டிகளை நிரப்புவதும் பல இடங்களில் வழக்கமாகிவிட்டன. இவ்வழக்கத்தைக் கைவிடுவது நலம்.

பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் இயல்பாகக் கடினமானது. அதை வளையச் செய்வதற்குப் பெரும்பாலும் தாலேட் என்னும் எண்ணெய் போன்ற இரசாயனத் திரவங்களைச் சேர்க்கின்றனர். குழாயின் எடையில் நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு வரை இவை இருக்கக்கூடும். இவை பிளாஸ்டிக்குடன் இரசாயன முறையில் பிணைக்கப்படாமையால் சிறிது சிறிதாக வெளியேறுகின்றன. பழங்குழாய் நாளடைவில் விறைத்து வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெயிலில் கிடக்கும் குழாயில் தேங்கிய ஜலத்தில் இக்கலப்பு அதிகமாகும்.

இத்திரவங்களுள் முக்கியமானது டி.இ.எச்.பி. எனப்படுவது. சினையுற்ற எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது, பிறந்த ஆண் குட்டிகளின் இனவிருத்தி உறுப்புகள் குறைபாடுற்றன. மனிதரிடத்திலும் இத்தகைய தொடர்பு உண்டென்பதைச் சில ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆகையால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் விசேஷமாக எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் குடிஜலத்தில் இதற்கு விதித்துள்ள அளவு லிட்டருக்கு 8 மைக்ரோகிராம். அதாவது, 1,25,000 லிட்டர் ஜலத்தில் ஒரு கிராம் கலந்தாலே அந்த எல்லை எட்டப்படும். ஒருவேளை அருந்தியதனால் அஞ்ச வேண்டுவதில்லை. நாள்தோறும் அருந்துவதே தவிர்க்கத்தக்கது. ஜலத்தைக் காய்ச்சுவதால் இத்திரவம் நீங்காது.

கைக்கொள்ள வேண்டிய முறைகளாவன:

1. குடிஜலத்திற்கு ஐ.எஸ். 4985 முத்திரையுள்ள கடினமான பி.வி.சி. குழாய்களையே வாங்குக. இவை மிருதுவாக்கும் திரவம் சேர்க்கப்படாதவை.

2. மிருதுவான குழாயை உபயோகிக்க நேர்ந்தால், தேங்கிய சூடான ஜலம் முழுவதையும் முதலில் பயிருக்கு விட்டுவிடுக.

3. குடிஜலத்தை மண்பானையிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ சேமித்து வைக்கவும்.

கிராம அதிகாரிகள் பொதுக் குழாய்கள் பதிக்கப்படும்போது மேற்படி முத்திரையைப் பார்வையிடுதல் அவசியம். நிலச் சொந்தக்காரர்கள் வேலை நாட்களில் ஒரு பானை நல்ல ஜலத்தை வரப்பு மரத்தடியில் வைக்க ஏற்பாடு செய்வார்களாயின், வேலையாட்கள் குழாயை நாட வேண்டிய அவசியமே ஏற்படாது. இதற்கு ஆகும் செலவு சொற்பமே. காக்கப்படுவதோ வேலையாட்களின் தேகாரோக்கியமும் அவர்தம் சந்ததியின் நலமும் ஆகும்.