வீசிங் சத்தம் அடங்கினால் நிம்மதி அடையாதீர்கள்

போகிக்கு முன்பு பரணை ஒழித்து, ஒட்டடை அடித்து, வீட்டையே புரட்டிப் போட்டிருப்பார்கள். அன்று இரவே ஆஸ்துமா உள்ளவருக்கு இளைப்பு தொடங்கிவிடும். படுக்க முடியாமல் எழுந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்திருப்பார். மூச்சுக்குழாயைச் சுற்றிய தசை இறுகி, உள்சுவர் வீங்கி, கெட்டியான சளியும் சேர்ந்து வழியை அடைக்கிறது. இழுத்த காற்றை வெளியே விடுவதுதான் பெரும்பாடு. அந்தக் குறுகிய வழியில் எழும் விசில் சத்தத்தைத்தான் 'வீசிங்' என்கிறோம்.

பேசச் சொல்லிப் பாருங்கள்

"ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்று கேளுங்கள். ஒரே மூச்சில் பதில் சொல்லி முடித்தால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினால், அது கடுமையான தாக்குதல். பெரியவர்களுக்கு மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டுவதும், நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவதும் அப்படித்தான். குழந்தைகளின் சட்டையைத் தூக்கிப் பாருங்கள்: ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தால், அதுவும் கடுமையான தாக்குதல்தான். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரில் 92-க்குக் கீழே காட்டினால் தாமதிக்கவே கூடாது. அளவு சரியாக இருக்கிறது என்பதற்காக மற்ற அறிகுறிகளை ஒதுக்கிவிடவும் கூடாது.

உதடு நீலம் பாய்வது, குழப்பமாகப் பேசுவது, சோர்ந்து கண் சொருகுவது ஆகியவை உயிராபத்தின் அடையாளங்கள். இவற்றோடு வீசிங் சத்தமும் அடங்கினால், 'சரியாகிவிட்டது, தூங்கட்டும்' என்று வீட்டார் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். சத்தம் எழுப்பக்கூடக் காற்று போகவில்லை என்பதே அதன் பொருள். அந்த நேரத்தில் முதல் வேலை 108-ஐ அழைப்பது.

முதல் சில நிமிடங்கள்

படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்காரட்டும். சால்பூட்டமால் பம்பை (இன்ஹேலரை) எடுத்துக் குலுக்கி, வாய்க்கும் பம்புக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் குழலில் பொருத்தி, ஒரு முறை அழுத்துங்கள். நான்கு முறை மூச்சு இழுத்து விடட்டும். இப்படி, ஒவ்வொன்றாக, நான்கு அழுத்தங்கள். நான்கு நிமிடம் பொறுத்தும் குறையவில்லையா? மீண்டும் நான்கு. அதற்கும் கேட்காவிட்டால் 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை இதையே தொடருங்கள். டாக்டர் வேறு பம்ப் தந்திருந்தால் அவர் சொன்ன அளவைப் பின்பற்றுங்கள்.

ஸ்பேசர் இல்லையென்றால், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டுச் செருகி, பாட்டில் வாய் வழியாக இழுக்கச் சொல்லலாம். ஆவி பிடிக்க வைப்பது, தைலம் தேய்ப்பது, தூக்கம் வரவைக்கும் இருமல் மருந்து கொடுப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும். தூக்க மருந்து மூச்சையே மந்தமாக்கிவிடும்.

'பம்ப் பழகிவிடும்' என்ற பயம்

இந்தப் பயம்தான் அதிகம் கெடுக்கிறது. பம்பின் ஓர் அழுத்தத்தில் இருப்பது 100 மைக்ரோகிராம் மருந்து. அதே மருந்தின் 2 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது இதைப் போல 20 மடங்கு. அதுவும் உடம்பு முழுக்கச் சுற்றித்தான் நுரையீரலுக்குப் போகும். பம்புக்குப் பயந்து மாத்திரை கேட்பதில் அர்த்தமே இல்லை.

ஆனால் சால்பூட்டமால் தசையின் இறுக்கத்தைத்தான் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு பம்ப். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் சால்பூட்டமால் தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். தாக்குதல் தணிந்தாலும் ஓரிரு நாளில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

இன்றே பம்பை எடுத்து, காலாவதி தேதியையும் மருந்து மிச்சம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.